தடைக்காலம் தரும் கொடை

காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்வளம் பெருகவேண்டி 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. வருவாய் குன்றும் அந்நாள்களில்தான், பலநாள் கடலில் தங்கி உழைக்கும் தந்தையர் பிள்ளைகளோடு கரையில் அமர்ந்து வலை பழுதுபார்க்கின்றனர். வாடையையும் கொண்டலையும் இனங்காணக் கற்பிக்கின்றனர். ஏனைய மாதங்களிலோ தந்தை கடலில், பிள்ளைகள் கைபேசியில்.

கடலரிப்பால் இராயபுரம் முதல் எண்ணூர் வரை பல இடங்களில் மணல் மறைந்து பாறைச்சுவரே நிற்கிறது. எஞ்சிய கரையையும் அறியாது வளரும் பிள்ளை, நாளை அது மறைந்தாலும் வருந்தாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடல், படைப்பைப் பேணக் கற்பிப்பதில் குடும்பத்தின் முதன்மையை வலியுறுத்துகிறது. நம் ஆண்டவரும் கலிலேயக் கடலோரம் மக்களுக்குப் போதித்தார்.

ஆகவே, வாடை வீசும் மார்கழியிலும் வெயில் தணிந்த சித்திரை மாலையிலும், ஞாயிறுதோறும் அரைமணி நேரமேனும் குடும்பமாய்க் கரையில் நடப்போம். நம் இல்லத் திருச்சபை அங்கும் கூடட்டும்.