இரட்டை எழுத்துச் சதம்

என் கணவர் விட்டுச் சென்றவற்றில் மூன்று நாணய அல்பங்களும் ஒரு பூதக்கண்ணாடியும் அடங்கும். அவர் இருந்தபோது இந்தப் பைத்தியத்தை நான் ஏசாத நாளில்லை. இன்று அயலில் யாருக்காவது பழைய காசு கிடைத்தால் என்னிடம்தான் கொண்டு வருகிறார்கள்.

சென்ற மாதம் பக்கத்து வீட்டு அக்கா கடதாசியில் மடித்து ஓர் அமெரிக்கச் சதத்தைக் கொண்டு வந்தார். கனடாவிலிருந்து வந்த பெறாமகன் பேரனுக்கு விளையாடக் கொடுத்த சில்லறையில் இருந்ததாம். 1969 என்ற ஆண்டும் எழுத்துகளும் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

"பிள்ளை, இப்படி ஒண்டு இலட்சக்கணக்கில போகுமெண்டு போனில காட்டினவங்கள். வடிவாப் பாரும். ஈடு வைச்ச காப்பை எடுத்துப் போடலாம்."

அவர் கேள்விப்பட்டது பொய்யல்ல. சான்பிரான்சிஸ்கோவில் அடித்த 1969ஆம் ஆண்டுச் சதங்களில், அச்சிலேயே இரட்டித்தவை மிக அரியவை. பல்லாயிரம் டொலருக்கு விலைபோனவை.

காசு அடிக்கும் அச்சை உருவாக்க, தாய் அச்சை அதன்மேல் அழுத்துவார்கள். அக்காலத்தில் ஒரே அழுத்தில் உருவம் முழுதாக விழாது. சூடாக்கி இளக்கி மீண்டும் அழுத்த வேண்டும். இரண்டாம் முறை சற்றுத் திரும்பிவிட்டால் அச்சிலேயே எழுத்து இரட்டிக்கும். 1955இல் பிலடெல்பியாவில் அப்படி நேர்ந்து, இருபதாயிரம் அளவில் காசுகள் வெளியே போய்விட்டன. பல, சிகரட் பெட்டிக்குள் மிச்சக் காசாகப் போயின!

மற்றது, காசை அடித்த கணத்தில் இறுக்கமில்லாத அச்சு அசைந்து எழுத்தின் ஓரத்தை நசுக்குவது. துணியில் அச்சுக்கட்டை குத்துவோருக்கு இது விளங்கும். கட்டை செதுக்கியதே பிழையென்றால் எல்லாப் பூவும் பிழை. கை நழுவினால் அந்தப் பூ இழுபடும், அவ்வளவுதான். மெய்யான இரட்டையில் எழுத்து தடித்து, இரு கோடுகளும் உருண்டு நிற்கும், முனைகள் பிளந்திருக்கும். நசுங்கியதில் எழுத்து மெலிந்து, ஓரம் தட்டையான படிபோலப் பளபளக்கும்.

அக்காவின் காசில் படிதான் தெரிந்தது. மனம் கேட்காமல் ஆண்டின் கீழிருந்த 'எஸ்' என்ற சிறு எழுத்தையும் பார்த்தேன். அடித்த ஊரைக் காட்டும் அந்த எழுத்தை அந்நாளில் அச்சு முடிந்த பின்னரே கையால் தனியே குத்தினார்கள். தாய் அச்சு திரும்பினாலும் அது இரட்டிக்க வழியில்லை. இதில் அதுவும் சேர்ந்து இரட்டித்திருந்தது.

சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பட்டணத்தில ஒருவர் பத்தாயிரம் தாறனெண்டவர். நீர் ஆருக்கும் சொல்லாட்டில் சரி."

"நானாப் போய்ச் சொல்லமாட்டன் அக்கா. அவர் என்னட்டைக் கேட்டால் பொய் சொல்லவும் மாட்டன்."

ஊற்றிய தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து போனார். மூன்று நாள் வேலிப்பக்கம் வரவில்லை. பத்தாயிரம் அவருக்குச் சின்னக் காசல்ல. எனக்கும் நித்திரை வரவில்லை.

நாலாம் நாள் பேரன் அதே கடதாசியுடன் வந்தான். "அம்மம்மா உங்கட அல்பத்தில வைக்கச் சொன்னவ."

வைத்திருக்கிறேன். காப்பு இன்னும் ஈட்டில்தான் இருக்கிறது.