கனி தரும் கொடிக்கும் கவாத்து

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி என ஊருக்கு ஊர் திராட்சைப் பந்தல்கள் நிழல் விரிக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்குக் கவாத்து என்னும் சொல்லைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. 1832-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுக் குரு ஒருவரால் தமிழகத்துக்கு வந்ததாகச் சொல்லப்படும் பன்னீர்த் திராட்சை, 2023-இல் இப்பள்ளத்தாக்கின் பெயராலேயே புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெருமைக்குப் பின்னால் நிற்பது கவாத்துக் கத்தரி என்பதை விவசாயி அறிவார். அறுவடை முடிந்த கொடியை வெட்டி, இலை உதிர்த்து, பந்தலை மொட்டையாக்கி நிறுத்துவார். ஏறத்தாழ நான்கு மாதங்களில் அதே பந்தலில் குலைகள் தொங்கும்.

யோவான் நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இயேசு தம்மைத் திராட்சைக் கொடியாகவும் தந்தையைத் தோட்டக்காரராகவும் காட்டுகிறார். கனி தராத கிளை அகற்றப்படும் என்பது நமக்கு எளிதில் விளங்குகிறது. கனி தருகிற கிளையும் கழித்துவிடப்படும் என்பதுதான் சிந்திக்க வைக்கிறது. நன்றாயிருக்கும் ஒன்றின் மேல் ஏன் கத்தி வைக்க வேண்டும்?

இதே கேள்வி சென்ற தவக்காலத்தில் வேறொரு வடிவில் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தது. நம் தம்பி மகன் பெருநகர் ஒன்றில் மென்பொருள் எழுதுகிறார். மூன்று வாரமாகப் புதிதாக ஒன்றும் சேர்க்காமல், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் உள்ளமைப்பை மட்டுமே திருத்தி வருவதாகவும், "காட்டுவதற்கு என்ன இருக்கிறது?" என்று மேலாளர் கேட்பதாகவும் வருத்தத்தோடு சொன்னார். "ஓடுகிற நிரலை ஏனப்பா தொடுகிறாய்?" என்று நாமும் கேட்டோம். "பெரியப்பா, அது இன்றைக்கு ஓடுகிறது. நாளைக்கு அதில் ஒரு வரி மாற்ற வேண்டுமென்றால் எங்களில் யாருக்கும் துணிச்சல் இல்லை" என்றார்.

அந்த விடையில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. எந்த நிரலும் பிறக்கும்போதே சிக்கலாகப் பிறப்பதில்லை. அவசரத்துக்கு ஒரு வரி, வாடிக்கையாளர் கேட்டாரென்று இன்னொரு வரி என்று காலப்போக்கில் அது காடாகிறது. வரி கணக்கிடும் விதி மூன்று இடங்களில் எழுதப்பட்டிருக்கும். அரசு வரிவிகிதத்தை மாற்றும்போது இரண்டு இடங்களில் திருத்திவிட்டு மூன்றாவதை மறந்துவிடுவார்கள். வார்டு கன்னிங்காம் என்னும் அமெரிக்க நிரலாளர் 1992-இல் இந்நிலையைக் கடனுக்கு ஒப்பிட்டார். அடைக்காத கடனுக்கு வட்டி கட்டுவதுபோல, சீர்செய்யாத நிரலில் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கூடுதல் உழைப்பைக் கட்ட வேண்டியிருக்கிறது. வட்டியின் சுமையை நம் பள்ளத்தாக்கு மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இக்கடனை அடைக்கும் வழியே ரீஃபாக்டரிங் எனப்படும் மறுசீரமைப்பு. நிரல் வெளியுலகுக்குச் செய்யும் பணி இம்மியும் மாறாமல், அதன் உள்ளமைப்பை மட்டும் செம்மைப்படுத்துவது என்பதே அதன் பொருள். வில்லியம் ஆப்டைக் 1992-இல் இதைத் தம் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பொருளாக்கினார். மார்ட்டின் ஃபவுலர் 1999-இல் வெளியிட்ட நூல் இதனை நிரலாளர்களிடையே பரவலாக்கியது.

இதற்கு ஒழுங்கு ஒன்று உண்டு. நிரல் சரியாக இயங்குகிறதா என்று தானே சரிபார்க்கும் சோதனைகளை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். பின்பு ஒரு சிறு மாற்றம்: பொருள் விளங்காத பெயருக்குத் தெளிவான பெயர், நீண்ட பகுதியிலிருந்து ஒரு துண்டைப் பிரித்தெடுத்தல், மூன்று இடத்தில் இருப்பதை ஓரிடத்தில் சேர்த்தல். உடனே சோதனைகளை ஓட்ட வேண்டும். பிழை தெரிந்தால் ஓர் அடி பின்வாங்கினால் போதும். புதிய வசதி சேர்ப்பதையும் பழையதைச் சீர்செய்வதையும் ஒரே மூச்சில் செய்யலாகாது. பயன்படாத பகுதிகளைத் துணிந்து நீக்கவும் வேண்டும்.

நீக்காமல் விட்டால் என்னவாகும்? நைட் கேப்பிடல் என்னும் அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனம், 2003-லேயே பயன்பாட்டை நிறுத்திவிட்ட ஒரு நிரல் பகுதியைத் தன் கணினிகளில் அப்படியே விட்டுவைத்திருந்தது. அதை இயக்கும் அடையாளக்குறியைப் புதிய வசதி ஒன்றுக்கு மறுபடியும் பயன்படுத்தினார்கள். எட்டுக் கணினிகளில் ஒன்றில் மட்டும் புதிய நிரலை ஏற்றத் தவறினார்கள். 2012 ஆகஸ்டு 1 அன்று காலை, அந்த ஒரு கணினியில் பழைய பகுதி உயிர்பெற்று, வேண்டாத பங்குகளை வாங்கியும் விற்றும் தள்ளியது. 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் நட்டம். பட்டகொம்பு என்று விட்டுவைத்தது, எதிர்பாராத நாளில் துளிர்த்துவிட்டது!

கவாத்து உவமை ஓரிடத்தில் பொருந்தாமல் போவதையும் சொல்லத்தான் வேண்டும். கவாத்துக்குப்பின் கொடி மொட்டையாக நிற்கலாம். மருத்துவமனையிலும் வங்கியிலும் ஓடும் நிரல் ஒரு நாளும் அப்படி நிற்க முடியாது. அதற்கு நம் முல்லைப் பெரியாறு அணையே தக்க சான்று. 1887-இல் தொடங்கி 1895-இல் திறக்கப்பட்ட அந்தச் சுண்ணாம்புக் கட்டுமானத்தை, 1979-க்குப்பின் நீர்மட்டத்தை 136 அடியாகத் தாழ்த்திக்கொண்டு வலுப்படுத்தினார்கள். மேலே கான்கிரீட் மூடி. அணையின் உடலில் துளையிட்டு இறக்கி, அடிப்பாறையோடு இறுக்கிய எஃகு வடங்கள். பின்புறம் கான்கிரீட் தாங்கல். அணை நீரைத் தாங்கியபடியே வலிமை பெற்றது. கூடலூரில் நாற்று நட்டவர் கண்டது வாய்க்காலில் வந்த நீரை மட்டுமே. உள்ளே இறங்கிய வடங்களை அல்ல.

காணப்படாத இவ்வுழைப்பு யாருக்காக? கணினிக்கு நிரல் அழகாயிருந்தாலும் அலங்கோலமாயிருந்தாலும் ஒன்றுதான். பயன்பெறுபவர், நாளை அதைத் திறந்து படிக்கப்போகும் முகமறியா மற்றொரு மனிதர். நள்ளிரவில் பிழை தேடி அமரும் அந்த இளைஞரின் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்துவதும் பிறரன்புப் பணிதான். மறைவில் செய்வதைக் காணும் தந்தை அதையும் காண்பார்.

புனித இஞ்ஞாசியார் நாள்தோறும் செய்யப் பணித்த ஆன்ம சோதனையும் இதே முறையினதே. வாழ்வு முழுவதையும் ஒரே நாளில் இடித்துக் கட்டுவதன்று. இன்றைய நாளை எடுத்துப் பார்த்து, கோணலான ஒன்றைக் கண்டு, திருத்திவிட்டு நாளைக்குச் செல்வது.

எனினும் அளவு மீறலாகாது. பருவமறியாமல் வெட்டினால் கொடி காய்க்காது; இனி யாரும் தொடப்போகாத நிரலை மெருகேற்றிக்கொண்டே இருப்பதும் வீணே. நாளை மாற்ற வேண்டிய இடத்தை இன்று சீர்செய்வதே அறிவுடைமை.

தம்பி மகனின் மேலாளரிடம் நாம் பேச இயலாது. ஆனால் நம் பிள்ளைகளிடம் பேச இயலும். இனி அவர்கள் வீடு வரும்போது, புதிதாக என்ன செய்தாய் என்று மட்டும் கேளாமல், எதைச் சீர்செய்தாய் என்றும் கேட்போம். பந்தல் மொட்டையாக நிற்கும் நாளில் விவசாயி சோம்பியிருக்கிறார் என்று இப்பள்ளத்தாக்கில் எவரும் சொல்வதில்லை அல்லவா?