ஆணியைத் தேடும் தொழில்

பஞ்சர் கடை என்றதும் நம் மனத்தில் எழுவது, பழைய டயரொன்றில் வெள்ளைச் சாயத்தால் எழுதி மரக்கிளையில் தொங்கவிட்ட விளம்பரமும், கறுத்த நீர் நிறைந்த தொட்டியும், அதனருகே குந்தியிருக்கும் ஒரு பையனும்தான். அவன் செய்யும் காரியம் ஓட்டையை அடைப்பது என்பதோடு நம் விசாரணை முடிந்துவிடுகிறது. நாமக்கல்லிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளும் டயர் ரீட்ரெடிங் ஆலைகளும் நெருங்கிக் கிடக்கும் பகுதியில், அப்படிப்பட்ட கடையொன்றின் கீற்று நிழலில் உட்கார்ந்து வேலையைப் பார்த்த பிறகு, ஒட்டுப் போடுவது அத்தொழிலில் மிகச் சிறிய பங்கு என்ற அபிப்பிராயத்துக்கு வந்தேன். உழைப்பில் பெரும் பகுதி டயரைக் கழற்றுவதில் செலவாகிறது. அறிவில் பெரும் பகுதி, காற்று எதனால் போயிற்று என்று கண்டுபிடிப்பதில்.

நான் போன சமயம், சரக்கு ஏற்றிய லாரி ஒன்று பின்புற இரட்டைச் சக்கரத்தில் உட்சக்கரம் காற்றிழந்து வந்து நின்றது. வெளிச்சக்கரம் பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கையில் உள்ளே இருப்பதன் நிலைமை கண்ணுக்குப் புலப்படாது; ஆகையால்தான் நல்ல கிளீனர், வண்டி நின்ற இடத்திலெல்லாம் இறங்கி, இரும்புத் தடியால் ஒவ்வொரு டயரையும் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே காற்றின் இருப்பை அறிகிறான். மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளை இளக்கி, அதற்குப் பிறகே ஜாக்கியை வைத்தார்கள்; தூக்கிய பிறகு இளக்கப் பார்த்தால் சக்கரம்தான் சுற்றும். சில லாரிகளில் இடப்புறச் சக்கரங்களின் நட்டுகளுக்கு எதிர்மரை என்பதை அறியாமல், வீல் ஸ்பேனரின் மேல் ஏறி நின்று குதித்து, போல்ட்டையே முறித்துவிடுகிறவர்களும் உண்டாம்.

லாரிச் சக்கரத்தின் ரிம் ஒரு விசித்திரமான அமைப்பு. ஒரு பக்கத்து விளிம்பு ரிம்மோடு சேர்ந்தே இருக்க, மறு பக்கத்தில், ஓரிடத்தில் வெட்டு விட்ட எஃகு வளையம் ஒன்று பள்ளத்தில் பொருந்தி டயர் வெளியே வராதபடி காவல் நிற்கிறது. லாக் ரிங் என்பது அதன் பெயர். அதைக் கழற்றுவதற்கு முன் வால்வுப் பின்னை எடுத்துவிட்டதோடு கடைக்காரப் பெரியவர் திருப்தி அடையவில்லை. ஒரு மெல்லிய கம்பியை வால்வுக்குள் விட்டு, உள்ளே அடைப்பு ஏதுமில்லை, காற்று அடியோடு போய்விட்டது என்று நிச்சயம் செய்துகொண்டார். பிறகு பையன்கள் இருவர் டயரின் மேல் ஏறி நடந்தும், லிவரைக் கொடுத்து அழுத்தியும், துருவோடு ஒட்டிக் கிடந்த டயர் விளிம்பைக் கீழே இறக்கினார்கள். வெட்டு விட்ட இடத்தில் லிவரின் முனையை நுழைத்துத் தூக்கியதும், வளையம் ஒரு முனையிலிருந்து தொடங்கிச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது.

கழற்றும்போது வேண்டியது பலம். மாட்டும்போது வேண்டியது பயம். லாரி டயரில் சதுர அங்குலத்துக்கு நூறு பவுண்டு அளவில் காற்று நிரப்புகிறார்கள். பக்கச் சுவரின் பரப்போ பல நூறு சதுர அங்குலம். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், டயர் ஒரு பக்கமாகத் தள்ளும் பலம் இருபது டன்னைத் தாண்டிவிடும். அதில் பெரும் பங்கைத் தடுத்து நிற்பது அந்த ஒற்றை வளையம். அது பள்ளத்தில் சரியாக உட்காராமல் தெறித்தால் எதிரே நிற்பவன் பிழைப்பது அரிது. அவசரக்காரர்கள் காற்று ஏறிக்கொண்டிருக்கும்போதே வளையத்தைச் சுத்தியலால் தட்டி உட்கார வைக்கப் பார்ப்பதும், அதனால் உயிர்ச் சேதம் நேர்வதும் இத்தொழிலில் புதிய செய்திகள் அல்ல. இந்தக் கடையில், ரிம்மின் துவாரங்களில் கனத்த சங்கிலியைக் கோத்து டயரோடு சேர்த்துக் கட்டி, வளையம் தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைப் படுக்க வைத்து, கொஞ்சம் காற்று விட்டு நிறுத்தி, வளையத்தின் இருப்பைப் பரிசோதித்த பிறகே மேலும் நிரப்புகிறார்கள்; இருப்பில் சந்தேகம் தோன்றினால் முழுக் காற்றையும் இறக்கிவிட்டு மறுபடியும் ஆரம்பிக்கிறார்கள்.

“காத்து அடிக்கறப்ப வளையத்துக்கு நேரா நிக்கக் கூடாதுங்க. பசங்களுக்கு வேடிக்கை பார்க்கற ஆசை. அதனால அந்த நேரத்துக்குன்னு வேற ஏதாச்சும் வேலை சொல்லி அந்தப் பக்கம் அனுப்பிடுவேனுங்க” என்றார் பெரியவர். என்னையும் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அவர் அனுப்பியதன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று.

இனி, விசாரணை. டியூபை வெளியே எடுப்பதற்கு முன்பே, வால்வு இருந்த இடத்துக்கு நேராக டயரின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுகிறார்கள். காற்று நிரப்பிய டியூபைத் தொட்டி நீரில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தைக் கண்டபின், அது வால்விலிருந்து எத்தனை சாண், எந்தப் பக்கம் என்று அளந்து, அதே தூரத்தை டயரில் கோட்டிலிருந்து அளக்கிறார்கள். அந்த இடத்தில்தான் குற்றவாளி ஒளிந்திருக்க வேண்டும். அநேகமாக அங்கேயே அகப்படுகிறான்: மாட்டு லாடத்தின் ஆணி, பிளேடுத் துண்டு, ரப்பருக்குள் முறிந்து முனை மட்டும் உட்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் சீமைக் கருவேல முள். வெறுங்கையால் தடவாமல் துணியைச் சுற்றிக்கொண்டு தடவுகிறார்கள். துணி எங்கே மாட்டிக்கொள்கிறதோ அங்கே இடுக்கி வேலை செய்கிறது. முள்ளை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டி அனுப்பினால் அடுத்த ஊருக்குள் வண்டி மறுபடியும் நின்றுவிடும். ஓட்டையின் உருவமும் சாட்சி சொல்கிறது. அருகருகே இரண்டு சிறு வெட்டுகள் இருந்தால், முன்பு டயரை மாட்டியவன் லிவருக்கும் ரிம்முக்கும் இடையில் டியூபைக் கடிக்க விட்டிருக்கிறான் என்று அர்த்தம்; துவாரம் உட்பக்கத்தில் இருந்தால், டியூபுக்கும் ரிம்முக்கும் இடையில் வைக்கும் ஃபிளாப் என்ற ரப்பர்ப் பட்டை மடிந்திருக்கிறது.

குற்றம் தெரிந்த பிறகு தண்டனை சுருக்கமானது. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலரும் வரை பொறுத்திருந்து ஒட்டைப் பதிக்க வேண்டும். பொறுமையற்றவன் ஈரத்தின் மேலேயே பதித்துவிட்டு ரப்பரைக் குறை சொல்கிறான். லாரி டியூபுக்குச் சூட்டு ஒட்டு. வேகாத ரப்பர்த் துண்டை வைத்துத் திருகு அச்சில் இறுக்கி, அதன் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினால், ரப்பரில் கலந்துள்ள கந்தகம் அந்த உஷ்ணத்தில் வேலை செய்து, டியூபும் ஒட்டும் ஒரே வஸ்து ஆகிவிடுகின்றன. சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்த ரகசியம் நெடுஞ்சாலைப் புழுதியில் ஒரு குப்பிக் கிண்ணத்தில் எரிந்துகொண்டிருக்கிறது.

டயர் கழற்றக் கூடிய பொருளாக இருப்பதே ஒரு பஞ்சரால் விளைந்த நன்மை. 1888இல் டன்லப் காற்று டயரைச் செய்தபோது அது சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்தது. மறு ஆண்டு, பிரான்சில் கிளெர்மோன்-ஃபெரான் நகரத்தில் மிஷலின் சகோதரர்களின் பட்டறைக்கு அத்தகைய சைக்கிள் ஒன்று பழுதாகி வந்தது. பிரித்து ஒட்டுவதற்கு மூன்று மணி நேரத்துக்கு மேலும், உலருவதற்கு ஓர் இரவு முழுவதும் பிடித்தும், காலையில் எதுவார் மிஷலின் ஏறி ஓட்டிய சிறிது தூரத்துக்குள் மறுபடி காற்று போய்விட்டது. பிரயாணியே வழியில் கழற்றி மாட்டிக்கொள்ளக் கூடிய டயருக்கு அச்சகோதரர்கள் 1891இல் உரிமை பெற்றார்கள். அதே ஆண்டில் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சைக்கிள் பந்தயத்தில் ஷார்ல் தெரோன் அந்த டயரோடு வென்றார். முதலாளிகள் தொழிலாளிக்காக அல்லாமல் பிரயாணிக்காகச் செய்த ஏற்பாடு இது என்பதை நான் விசேஷமாகக் கருதுகிறேன்.

என் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தை நானே கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டதற்குப் பெரியவர் சம்மதித்து, இரண்டு லிவர்களைக் கொடுத்து எதிரே உட்கார்ந்துகொண்டார். இந்த ரிம்மில் வளையம் கிடையாது. நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது. டயர் விளிம்புக்குள் இருக்கும் எஃகுக் கம்பி நீளாது. ஆகவே ஒரு பக்கத்து விளிம்பை முழங்காலால் அழுத்தி அந்தப் பள்ளத்துக்குள் தள்ளினால்தான் எதிர்ப்பக்கத்தில் தளர்ச்சி கிடைத்து, லிவர் ஏறும். எதிர்ப்பக்கத்தைக் கவனியாமல் லிவரை மட்டும் நெம்புகிறவன் நாள் முழுவதும் நெம்பலாம். மாட்டும்போது வால்வுக்கு எதிர்ப்புறத்தில் ஆரம்பித்து வால்வண்டை முடித்து, கடைசியில் வால்வை ஒரு முறை உள்ளே அழுத்தி விட வேண்டும். டியூப் விளிம்பின் கீழ் அகப்பட்டிருந்தால் அப்போது விலகிக்கொள்ளும்.

டியூப் இல்லாத ரேடியல் டயர்கள் பெருகிவிட்டன. அவற்றைப் பிரிக்கப் பெரிய கடைகளில் இயந்திரங்கள் இருக்கின்றன. லாக் ரிங்கின் அபாயம் குறைந்திருப்பதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை. வழியில் வண்டியை நிறுத்தித் தன் டயரைத் தானே கழற்றத் தெரிந்த ஓட்டுநர்கள் குறைந்துவருவது வேறு விஷயம். நான் புறப்படும் நேரத்தில் ஒரு சொந்த வண்டிக்காரர், ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, பழுதான சக்கரத்தை இறக்கி, தம் சாக்குப்பையிலிருந்து தம் லிவர்களையே எடுத்தார். பெரியவர் எழுந்திருக்கவில்லை. “ஒட்டுக்கும் காத்துக்கும் மட்டும் குடுத்துட்டுப் போங்க” என்றார். மற்றவர் வால்வுப் பின்னைக் கழற்றிவிட்டு, ஒரு கம்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.