பல்லுக்கு வெந்நீரா, வெனீரா?

"பல்லுக்கு வெந்நீர் வைக்க 96 ஆயிரமா? நான் ஒரு சொம்பு போட்டுத் தந்தா கேஸ் செலவோட முடிஞ்சுது!"

சென்ட்ரலில் போடி ரயில் கிளம்பி, பொட்டலத்திலிருந்து இரண்டு இட்லி உள்ளே இறங்கியிருந்த நேரம். தம்பி (சித்தி மகன்) சொன்னது சித்தியின் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. அவன் சொன்னது வெந்நீர் அல்ல, வெனீர். பிளைவுட் மேல் மெல்லிசாகத் தேக்கை ஒட்டி 'ஒரிஜினல் தேக்கு சார்' என்பார்களே, அதே பெயர், ஏறக்குறைய அதே வேலை. பல்லின் முன்பக்கத்தைக் கொஞ்சம் சீவிவிட்டு, நகம் மாதிரி ஒரு பீங்கான் தகட்டைச் செய்து ஒட்டுவது. மேல்வரிசையில் எட்டுப் பல், பல்லுக்குப் 12 ஆயிரம். சென்னையில் ஒரு கிளினிக்கில் கொட்டேஷன் வாங்கி, அட்வான்ஸ் கட்ட நாளும் குறித்துவிட்டான். தையில் கல்யாணம். பெண்ணுக்கு ஊர் போடிநாயக்கனூர். நாங்கள் போய்க்கொண்டிருந்தது பூ வைக்கிற விசேஷத்துக்கு.

தம்பியின் பல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சித்தப்பா வாத்தியார். அவர் வேலை பார்த்த பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் இவன். தர்மபுரிப் பக்கம் பாறைக்கு அடியிலிருந்து வருகிற தண்ணீரில் ஃபுளோரைடு ஜாஸ்தி. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. ஈறுக்குள் பல் உருவாகிற வயசில், அதாவது எட்டு வயசுக்குள், அளவுக்கு மேல் உள்ளே போனால் பல் முளைக்கும்போதே வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடுமாக முளைக்கும். உப்பு, கரி, வேப்பங்குச்சி எதற்கும் மசியாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் திறந்தது 2013-ல். அதற்குள் தம்பிக்கு மீசை அரும்பிவிட்டது.

ஸ்கூல் குரூப் போட்டோவிலிருந்து ஆதார் கார்டு வரை அவன் வாயைத் திறந்து சிரித்த படம் ஒன்றுகூடக் கிடையாது. யாராவது ஜோக் அடித்தால் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். 'ரொம்ப அடக்கமான பையன்' என்று மேனேஜர் இன்கிரிமென்ட்டே கொடுத்தாராம்! ஆனால் பெண் பார்த்துவிட்டு வந்த மறுநாள் தரகர் போன் பண்ணிக் கேட்டது வேறு. "பையனுக்கு இந்த இடத்தில இஷ்டம்தானே? பொண்ணு வீட்ல சந்தேகப்படறாங்க."

அன்றைக்குத்தான் பையன் கிளினிக்குக்கு ஓடினான்.

* * *

போடியில் ரயிலை விட்டு இறங்கினால் மேற்கே மலை சுவர் மாதிரி நிற்கிறது. இந்த ஊருக்கு மதுரையிலிருந்து முதல் ரயில் வந்தது 1928-ல். 2010 கடைசியோடு மீட்டர் கேஜ் நின்று, அகலப்பாதை ரயில் வர 2023 ஜூன் ஆகிவிட்டது. பன்னிரண்டரை வருஷம்! நம்ம ஊர் ஆமைக்குப் பல் இல்லை, இருந்தால் சிரித்திருக்கும்.

அதே 1928-ல்தான், கலிஃபோர்னியாவில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் டாக்டர் ஹாலிவுட் நடிகர்களுக்காக முதல் வெனீரைச் செய்தார். ஷூட்டிங் முடிகிற வரைக்கும் மட்டும். 'கட்' சொன்னதும் கழற்றி வைத்துவிடலாம். நிரந்தரமாக ஒட்ட வழி தெரியவில்லை. 1955-ல் மைக்கேல் புவோனோகோர் என்பவர், எனாமல் மேல் லேசாக அமிலம் தடவினால் பிசின் பிடித்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்தார். 1980-களில் பீங்கானின் உள்பக்கத்தையும் அமிலத்தால் அரித்து ஒட்டப் பழகினார்கள். அதன் பிறகு நடிகர்கள் கழற்றவே இல்லை. பார்த்துக்கொண்டிருந்த நாம்தான் வாயைப் பொத்திக்கொள்ள ஆரம்பித்தோம்.

பெண்ணின் தாய்மாமா ஏலக்காய் வியாபாரி. நேராகக் குடோனுக்குக் கூட்டிப்போய்விட்டார். தெருவில் திரும்பும்போதே வாசனை மூக்கைப் பிடித்து இழுத்தது. தரையில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து காயைக் குவித்து, வெடித்தது, வெளுத்தது, கறுத்தது எல்லாவற்றையும் விரல் வேகத்தில் ஒதுக்குகிறார்கள். சல்லடையில் 8 எம்.எம்., 7 எம்.எம்., 6 எம்.எம். என்று பிரிகிறது. "ஒரு எம்.எம். குறைஞ்சாப் போதும் மாப்ள, கிலோவுக்கு வெலை எங்கயோ போயிரும்" என்றார் மாமா. ஸ்பைசஸ் போர்டின் ஏலம் இங்கேயும், மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியிலும் நடக்கிறது. முன்பு வாயால் கத்திய ஏலம், இப்போது கம்ப்யூட்டரில்.

தம்பி மெதுவாக போனை எடுத்து ஒரு அக்காவிடம் காட்டினான். பல் டாக்டர்கள் வைத்திருக்கும் கலர் அட்டை. ஏ1-லிருந்து டி4 வரை 16 வண்ணம். செம்பழுப்பு, செம்மஞ்சள், சாம்பல் என்று குடும்பம் குடும்பமாகப் பிரித்திருக்கிறார்கள். அதுவும் போதாமல், அதற்கும் மேலே 'பிளீச்' என்று அதிவெள்ளை சிலது. தம்பி குறித்து வைத்திருந்தது அதில் உச்சி வெள்ளை.

அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தது. "இம்புட்டு வெள்ளையாவா? சாயம் போட்ட காய் கணக்கா தனியாத் தெரியுமேப்பா!"

(ஏலக்காயில் பச்சைச் சாயம் சேர்க்க உணவுச் சட்டத்தில் இடமில்லை. பல்லுக்கு அப்படி ஒரு சட்டம் யாரும் போடவில்லை.)

* * *

மத்தியானம் ஜீப்பில் போடிமெட்டு. முந்தல் தாண்டியதும் ஏற்றம். 17 கொண்டை ஊசி வளைவு. கீழே புளியும் மாவும் வெயிலில் நிற்க, மேலே போகப் போகக் காது அடைத்து, ஜன்னலில் பஞ்சு மாதிரி மேகம் உரசுகிறது. காலையில் இதே ரோட்டில் ஜீப் ஜீப்பாகப் பெண்கள் கேரளத்துத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறார்கள். சாயங்காலம் திரும்புகிறார்கள். சம்பளம் ஒரு மாநிலம், சமையல் ஒரு மாநிலம்.

தோட்டத்தில் 'ஸ்டோர்' என்பது காய் உலர்த்துகிற கட்டடம். ஐந்து கிலோ பச்சைக் காய் உள்ளே போனால் ஒரு கிலோ வெளியே வரும். வெயிலில் போட்டால் பச்சை வெளுத்துவிடும் என்பதால் உள்ளேயே நிதானமான சூட்டில் உலர்த்துகிறார்கள். கந்தகப் புகை காட்டி வெளுப்பாக்கிய வெள்ளை ஏலக்காய் ஒரு காலத்தில் தனி ரகமாகவே விற்றது. ஒருத்தன் வெளுக்காமல் இருக்கக் காசு கொடுக்கிறான், இன்னொருத்தன் வெளுக்கக் கொடுக்கிறான். வாசனை என்னவோ விதையில்.

பெண்ணும் எங்களோடு வந்திருந்தது. ஸ்டோர் வாசலில் இரண்டு பேரையும் பேசவிட்டு, நாங்கள் நாகரிகமாகப் பத்தடி தள்ளி நின்று ஒட்டுக்கேட்டோம்.

"ஏன் எப்பவும் வாயைப் பொத்திக்கிறீங்க?"

தம்பி தர்மபுரித் தண்ணீரில் ஆரம்பித்துக் கொட்டேஷன் வரை ஒரே மூச்சில் கொட்டிவிட்டான். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இதுதானா? என்னைப் பிடிக்கலையோன்னு ரெண்டு மாசமா நெனச்சுக்கிட்டிருக்கேன்." அப்புறம் வியாபாரிக் குடும்பத்துக் குரலில், "ஒரே ஒரு டாக்டரா பாத்தீங்க? எங்க மாமா ஒரு மூட்டை வாங்கவே நாலு சாம்பிள் பாப்பாரு."

* * *

தேனியில் ஒரு டாக்டரம்மா. பல்லைப் பார்த்தார், தட்டினார், பிறகு சித்தியைக் கேட்டார். "தூக்கத்துல பல்லைக் கடிப்பாரா?"

"மார்ச் மாசம் வந்தா ராத்திரி பூரா நறநறன்னு கடிப்பான் டாக்டர். அக்கவுண்ட்ஸ்!"

அப்படிக் கடிக்கிறவர்களுக்குப் பீங்கான் விரிசல் விடலாம், ராத்திரியில் மாட்ட ஒரு உறை தேவைப்படும் என்றார். வெனீர் கெட்ட சமாச்சாரம் இல்லை. உடைந்த பல், ஆழமான கறை, வேறு எதற்கும் மசியாத பல்லுக்கு அது அருமையான வைத்தியம். ஆனால் பல்லைப் பெரும்பாலும் அரை எம்.எம். அளவுக்குச் சீவ வேண்டும். முன்பல்லில் எனாமலே கனமான இடத்தில் ஒரு எம்.எம். சுமார்தான். சீவிய எனாமல் திரும்ப முளைக்காது. தகடு பத்துப் பதினைந்து வருஷம் உழைக்கும், அப்புறம் வேறு போட வேண்டும். சீவுவதற்கு முன்னாலேயே உங்கள் பல் மேல் தற்காலிகமாக ஒரு மாதிரி வைத்துக் கண்ணாடியில் காட்டச் சொல்லிக் கேட்கலாம். பிரிட்டனிலிருந்து துருக்கிக்கு விமானம் ஏறிப் போன இளவட்டங்கள் பலர், வெனீர் என்று நினைத்துக்கொண்டு பல்லை முளைக்குச்சியாக ராவிவிட்டு முழுத் தொப்பி மாட்டிக்கொண்டு வந்த கதையும் உண்டு. 'கிரவுனா, வெனீரா' என்ற ஒரு கேள்வியைக் கேட்காததுதான் குறை.

நான் பி.காம். தேய்மானம் போடாமல் எந்தச் சொத்தையும் பார்க்க வராது. 96 ஆயிரம், ஆயுள் சராசரி 12 வருஷம். வருஷத்துக்கு 8 ஆயிரம். தம்பிக்கு இப்போது 28. நாற்பதில் ஒரு செட், 52-ல் இன்னொரு செட். அறுபதாம் கல்யாணத்துக்குள் இன்றைய விலையிலேயே 2 லட்சத்து 88 ஆயிரம். பழைய பல் திரும்ப வராது, ஆக ஸ்கிராப் வேல்யூ பூஜ்யம். சென்னையில் கொட்டேஷன் எழுதியவர்கள் இதில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

டாக்டரம்மா சொன்ன வரிசை வேறு. முதலில் சுத்தம் செய்வது. அடுத்து மேல்கறையை அமிலப் பசை போட்டு நூலிழை ஆழத்துக்கு மட்டும் தேய்த்து எடுப்பது. அப்புறம் பிளீச். மிச்சமிருக்கும் பழுப்புக் கோட்டுக்கு, வேண்டுமானால், பல் நிறத்தில் காம்போசிட் பூச்சு. "இதெல்லாம் செஞ்சும் திருப்தி இல்லேன்னா வெனீர் எங்கயும் ஓடிப் போகாது. அதைப் போட்டுட்டு இதுக்குத் திரும்பி வரத்தான் முடியாது."

தம்பி அட்வான்ஸைக் கட்டவில்லை. பல் சாக்கில் மூன்று சனி ஞாயிறு தேனிக்கு ரயிலேறினான். தேனிக்குப் போகிறவன் ஒவ்வொரு தடவையும் போடிக்கு ஏன் டிக்கெட் எடுத்தான் என்று நான் கேட்கவில்லை. மொத்தச் செலவு கொட்டேஷனில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடவில்லை. பல் சினிமா நடிகர் மாதிரி ஆகிவிடவும் இல்லை. பழுப்பு போய் டீயில் பால் கலந்த மாதிரி ஒரு சாயல், உற்றுப் பார்த்தால் தெரிகிற இரண்டு கோடு.

கடைசித் தடவை போய்விட்டு வந்த அன்று நான் அங்கேதான் இருந்தேன். ஏதோ சொன்னேன், சிரித்தான். வலது கை பழக்க தோஷத்தில் வாய்ப் பக்கம் கிளம்பி, பாதி வழியில் நின்று, தோளைச் சொறிந்துவிட்டு இறங்கியது.

சித்தி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "களைச்சுப் போய் வந்திருக்கே, குடிக்க வெந்நீர் வைக்கட்டுமாடா?"

"ஐயோ, வேண்டாம்மா... பல் கூசுது!"