பிளாஸ்டிக் கட்டையும் பஸ் பெயின்ட்டரும்

காலிக் குடத்தைத் தட்டினா என்ன சத்தம் வரும்? அதேதாங்க! ரைஃபிள் கிளப்ல ஒரு சீனியர் என் ஏர் ரைஃபிளோட பின்கட்டையைத் தட்டிப் பார்த்துட்டு, ''தண்ணி பிடிச்சு வைக்கலாம் போலிருக்கே''ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். நீங்களும் எங்கேயாவது அப்படிச் சிரிச்சிருப்பீங்க... உள்ளே எரியும், வெளியே பல்லு தெரியும்!

அங்கே மத்தவங்க கையில இருந்ததெல்லாம் லட்சங்கள்ல விலை சொல்ற ஜெர்மன் ரைஃபிள். என்னோடது ஸ்பிரிங்ல ஓடுற உள்ளூர் சரக்கு. 4.5 மி.மீ. குண்டு, கறுப்பு பிளாஸ்டிக் கட்டை. கரூர்ல பஸ் பாடி கட்டுற பட்டறையில பெயின்ட் அடிக்கிற எங்கப்பா, மூணு மாசம் ஓவர்டைம் பார்த்து வாங்கித் தந்தது.

அடுத்த ஞாயிறு, 'காய்ச்சல்'னு சொல்லிப் படுத்துக்கிட்டேன். அதுக்கடுத்த ஞாயிறும் அதே காய்ச்சல்.

கட்டையை மாத்த காசு இல்லை. கலரையாவது மாத்துவோம்னு ஒரு ஸ்பிரே டின் வாங்கி, அப்பாவுக்குத் தெரியாம மொட்டை மாடியில அடிச்சேன். காயும்போது ராஜாவாட்டம் இருந்துச்சு. மூணாவது நாள் வேர்வை பட்ட இடமெல்லாம் வெங்காயத் தோல் மாதிரி உரிஞ்சு வந்துடுச்சு.

அப்பா பார்த்துட்டாரு. திட்டுவாருன்னு நினைச்சேன். ''பெயின்ட் அடிக்கிறது கடைசி வேலை சாமி. அதுக்கு முன்னாடிதான் வேலையே இருக்கு''ன்னு சிரிச்சாரு.

அன்னிக்கு ராத்திரியே ஆரம்பிச்சோம். குழல்ல குண்டு இல்லைன்னு ரெண்டு தடவை பார்த்துட்டு, ஸ்க்ரூக்களைக் கழற்றி இரும்பைத் தனியா, கட்டையைத் தனியா எடுத்தோம். ஸ்பிரிங் பக்கம் கையே வைக்கலை. சும்மா இருக்கும்போதும் அது உள்ளே அமுங்கித்தான் இருக்கும். தெரியாம பிரிச்சா முகத்துக்கே வரும்.

கட்டையைப் பாத்திரம் தேய்க்கிற சோப்பு போட்டுக் கழுவச் சொன்னாரு. அச்சுல இருந்து பிளாஸ்டிக் ஒட்டாம வர்றதுக்குத் தடவுற வழவழப்பு மேலேயே இருக்குமாம். அது போகாம எந்த பெயின்ட்டும் நிக்காது. அச்சுக் கோட்டை அரத்தால ராவி, 220, அப்புறம் 320 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணியில நனைச்சுத் தேய்ச்சேன். விரல் நுனி எல்லாம் எரிஞ்சது. பளபளப்பு போய் சாம்பல் பூத்த மாதிரி ஆனதும், பிளாஸ்டிக்குன்னே விக்கிற பிரைமர் ஒரு கோட். அது காய்ஞ்சதும் மெல்லிசா மூணு கோட் பெயின்ட். ''ஒரே கோட்ல மூடணும்னு ஆசைப்பட்டா வழியும்''னாரு. பின்கட்டையோட ரப்பர் மூடியைக் கழற்றி, பழைய மேட் துண்டுகளை உள்ளே திணிச்சோம். குடச் சத்தம் காலி!

நான் அதோட முடிஞ்சதுன்னு நினைச்சேன். ஒரு நாள் காயவிட்டு, இரும்பைத் திரும்ப மாட்டினதும் அப்பா, ''கண்ணை மூடிட்டுத் தூக்கி வை. இப்போ தொற. ஓட்டை தெரியுதா?''ன்னு கேட்டாரு.

தெரியலை. புதுசா மாட்டின பீப் சைட் உசரம், கட்டையோ தாழ்வு. கன்னம் எதுலயும் படாம, ஒவ்வொரு குண்டுக்கும் கழுத்தைத் தூக்கித்தான் இத்தனை நாள் சுட்டிருக்கேன்! பத்து மீட்டர் தூரத்துல, 0.5 மி.மீ. புள்ளியை அந்தரத்துல நிக்கிற தலையோட எப்படிப் பிடிக்கிறது? போட்டி ரைஃபிள்கள்ல கன்னக்கட்டையையே ஏத்தி இறக்கிக்கலாம். அந்த விலையில பாதி அதுக்குத்தானோ என்னவோ!

''டிரைவர் சீட்டு மாதிரிதான். ஆளுக்குத் தக்கனதான் சீட்டு''ன்னாரு அப்பா. பஸ் சீட்டுல மிஞ்சின ஃபோமை வெட்டி, மேலே ரெக்ஸின் ஒட்டினாரு. கண்ணை மூடித் தூக்கினேன். தொறந்தேன். ஓட்டை நேரா நின்னுச்சு.

சுடச் சுட அதிர்வுல ஸ்க்ரூ தளரும்னு, முடுக்கின இடத்துல வெள்ளைப் புள்ளி ஒண்ணும் வச்சுக் கொடுத்தாரு. புள்ளி நகர்ந்திருந்தா முடுக்கணும், அவ்வளவுதான்.

மெடல் கிடிச்சுதான்னு கேட்காதீங்க. கிடைக்கலை. ஆனா உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின பத்து குண்டு, ஒரு ரூபாய் காசுக்குள்ள வந்துடுச்சு. அதே சீனியர் தட்டிப் பார்த்தாரு. சத்தமே வரலை. ''எங்கே பண்ணினே?''ன்னாரு.

''எங்கப்பா பண்ணினது''ன்னேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

அப்பா இந்தப் பக்கத்தைப் படிப்பாரு. ரெண்டு ஞாயித்துக்கிழமை எனக்கு வந்த காய்ச்சல், காய்ச்சலே இல்லைப்பா.