நின்றாலும் முறையோடு நிற்போம்

வைகை அணையின் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள அபாய எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. தேனி மாவட்டத்துப் பிள்ளைகளாகிய எங்களுக்கு இது பழகிய செய்தி. அபாயச் சங்கு எவரையும் தூக்கிக்கொண்டுபோய் மேட்டில் விடுவதில்லை. அதைக் கேட்டவர்கள்தாம் ஆடுமாடுகளை அவிழ்த்துக்கொண்டு கரையேற வேண்டும். கணிப்பொறி வகுப்பில் 'சி' மொழி பயின்றபோது இதன் பொருள் எங்களுக்கு இன்னும் நன்றாக விளங்கியது.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய மொழி இது. நொடிக்கு ஓர் எண்ணாகக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும் சிறு நிரல் ஒன்றை எங்கள் ஆசிரியை லினக்ஸ் கணிப்பொறியில் ஓட்டிக் காட்டினார். இருபது நொடி சென்றதும் கன்ட்ரோல் விசையையும் சி விசையையும் சேர்த்து அழுத்தச் சொன்னார். நிரல் அக்கணமே நின்றது. கோப்பைத் திறந்து பார்த்தோம். ஓர் எண்கூட இல்லை! எழுதியவை யாவும் நினைவகத்தில் ஒரு தற்காலிக இடத்தில் காத்திருந்தன. அவை வட்டுக்குப் போய்ச் சேருமுன் நிரல் மடிந்துவிட்டது. அவை ஓர் ஆண்டின் மழைக்கணக்காக இருந்திருந்தால் என்னவாகும் என்று திகைத்தோம்.

அவ்விசைகள் அனுப்புவது 'சிக்இன்ட்' என்னும் சிக்னல். அது வந்தால் என்ன செய்வது என்பதை நாமே ஒரு சிறு செயற்கூறாக எழுதிவைக்கலாம். அதன் வேலை ஒன்றே ஒன்று: 0 என்றிருக்கும் மாறியை 1 ஆக்குவது. அங்கேயே கோப்பை மூடப் புகுந்தால், பாதியில் நிற்கும் எழுத்து வேலையோடு மோதிக் குழப்பம் விளையும். முதன்மை நிரல் ஒவ்வொரு சுற்றிலும் அந்த மாறியைப் பார்க்கும். 1 ஆகியிருந்தால் சுற்றைவிட்டு வெளியே வந்து, கோப்பை மூடி, முறையாக விடைபெறும். இவ்வாறு திருத்தி மீண்டும் அழுத்தினோம். எண்கள் அத்தனையும் வரிசையாக நின்றன!

ஆயினும் 'சிக்கில்' என்னும் 9-ஆம் எண் சிக்னலை எந்த நிரலாலும் தடுக்க இயலாது. மின்வெட்டும் அப்படித்தான், சங்கு ஊதாமல் வரும் வெள்ளம் அது. ஆகவே நீண்ட வேலைகளில் இடையிடையே வட்டில் எழுதிவைத்துக்கொள்வதே அறிவுடைமை.

அன்புத் தோழியரே! தொடங்கத் தெரிவது பாதித் திறமைதான். நிறுத்தச் சொன்னாலும் கையிலுள்ளதைப் பத்திரப்படுத்திவிட்டு நிற்கத் தெரிவதே மீதித் திறமை. அதையும் இப்போதே பழகுவோம்.