தாய்க்கிழங்கு

ஆலயப் பீடத்தருகே மலர்க்கொத்து வைப்போர் அறிந்த உண்மை ஒன்றுண்டு. கொய்த மல்லிகை மறுநாளே பழுப்பேறிவிடும். தண்டோடு வெட்டித் தண்ணீரில் நிறுத்திய நிலச்சம்பங்கியோ, கீழிருந்து மேலாக மொட்டவிழ்த்துப் பல நாள் மணம் பரப்பும்.

குளிர்நாட்டார் கொத்துக்கெனப் பல்லாண்டு வாழும் மணிப்பூச் செடிகளை வளர்க்கின்றனர். ‘கம்பானுலா’ என்னும் அதன் பெயருக்கு இலத்தீனில் ‘சிறுமணி’ என்பது பொருள். குளிர்காலத்தைக் கடந்தே செழித்துப் பூக்கும் அச்செடிக்குப் பாலாற்றங்கரை வெயில் ஏற்காது. மெக்சிகோவில் தோன்றிய சம்பங்கியோ நம் மண்ணை ஏற்றுக்கொண்டது.

செவிலிமேட்டில் என் அண்டை வீட்டாரான முதிய நெசவாளர் ஒருவர், வீட்டின் பின்புறம் நான்கு பாத்திகளில் அதை வளர்த்து வருகிறார். ஆனி, ஆடி மாதங்களில், 25 கிராமுக்குக் குறையாத கிழங்குகளாகத் தேர்ந்து, வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 20 செ.மீ. இடைவெளிவிட்டு நடுவார். நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். மாலைக்குரிய ஒற்றைப் பூவை விடியலில் மொட்டாகவே பறிப்பார். கொத்துக்குரிய அடுக்குப் பூவை, அடிமொட்டு ஓரிரண்டு விரிந்ததும் தண்டோடு வெட்டுவார்.

சம்பங்கியின் வாழ்வில் வியப்பானது ஒன்றுண்டு. ஒரு கிழங்கு ஒருமுறைதான் பூக்கும். அதன்பின் பூப்பவை, அதைச் சுற்றி முளைத்த பக்கக் கிழங்குகளே. அதனால்தான் ஒருமுறை நட்ட பாத்தி இரண்டு மூன்று ஆண்டுகள் பலன் தருகிறது. பின்னர் நெருக்கத்தால் பூ சிறுத்துவிடும். அப்போது கிழங்குகளைத் தோண்டிப் பிரித்து வேறிடத்தில் நடவேண்டும்.

அவருடைய மகனும் மகளும் ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் பணியாற்றுகின்றனர். தறியில் அமர அவருக்குப்பின் ஆளில்லை. “இந்தக் கைவேலை என்னோடு முடிஞ்சிடும் போலிருக்கு, சாமி” என்று ஒருநாள் கூறினார். நான் சம்பங்கிப் பாத்தியைச் சுட்டி, “பிள்ளைகள் வேறு நிலத்தில் பூக்கிறார்கள்” என்றேன். அவர் தலையசைக்கவில்லை. “சம்பங்கிக் கிழங்கு எங்கே போனாலும் சம்பங்கியைத்தானே பூக்குது?” என்று கேட்டார்.

இறையியல் கற்ற எனக்கு அக்கேள்விக்கு எளிய விடை அகப்படவில்லை. ஒரு தறி நின்றுபோவது இழப்பே. இழப்பன்று என மறுத்துரைப்பது ஆறுதலாகாது.

ஆயினும் ஒரு விடுமுறை நாளில் அப்பாத்தியருகே நான் கண்டதைச் சொல்ல வேண்டும். தந்தை தோண்டித் தந்த கிழங்குகளை மகள் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் விரல்களால் மெல்ல உருட்டி, அழுகியதை ஒதுக்கி, இளையதைத் தனியே வைத்து, நடத்தக்கதைக் கூடையிலிட்டாள். அவர் பட்டிழையில் பழுது தேடும்போது விரல்கள் நகர்வதும் அவ்வாறே. அவள் தறியில் அமர்ந்தவள் அல்லள். ஆனாலும் தந்தையின் பொறுமை அவள் கைகளில் இருந்தது.

பெற்றோரே, நம் தொழிலைப் பிள்ளைகள் தொடரவில்லையே என வருந்துவது இயல்பு. அந்த வருத்தத்தினூடே அவர்களுடைய கைகளையும் சற்று உற்று நோக்குங்கள்.